பழவேற்காட்டுப் பூநாரையும் பழைய லென்ஸும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் இரண்டு உலகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று கும்மிடிப்பூண்டி சிப்காட். புகைபோக்கிகள், லாரிகள், மூன்று ஷிப்ட் வேலை. இன்னொன்று பழவேற்காடு ஏரி. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இது. 1613-ல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய ஊரும் இதன் கரையில்தான் இருக்கிறது. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயம் ஆனது.

குளிர்காலத்தில் இங்கே பூநாரைகள் வருகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் படம் எடுப்பது லேசான காரியம் அல்ல. ஆழமில்லாத தண்ணீரின் நடுவே, கரையிலிருந்து பல நூறு மீட்டர் தள்ளி அவை மேயும். ஒளிந்து கொள்ள ஒரு மரம் கூட இருக்காது. கொஞ்சம் நெருங்கினால் கூட்டமே எழுந்து பறந்துவிடும். தொலைதூரத்திலிருந்து வந்த பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு வீணாகப் பறக்க வேண்டியதாகிறது. ஆகவே எட்ட நின்று எடுக்க வேண்டும். அதற்கு நீண்ட டெலிஃபோட்டோ லென்ஸ் வேண்டும். நல்ல ஆட்டோஃபோகஸ் டெலிஃபோட்டோ என்றால் விலை லட்சங்களில்!

ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளியும், கல்லூரி மாணவனும் அப்படியானால் என்ன செய்வது? இங்கேதான் பழைய மேனுவல் ஃபோகஸ் லென்ஸ்களின் கதை தொடங்குகிறது.

டெலிஃபோட்டோ என்ற லென்ஸ் அமைப்புக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1891-ல் லண்டனைச் சேர்ந்த தாமஸ் டால்மேயர் இதற்குக் காப்புரிமை பெற்றார். லென்ஸின் பின்பகுதியில் ஒளியை விரிக்கும் கண்ணாடியைச் சேர்த்தால், லென்ஸின் நீளம் அதன் குவியத் தொலைவை விடக் குறைவாக இருக்கும். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸுக்காக ஜெய்ஸ் நிறுவனம் 180 மி.மீ. சோனார் லென்ஸை உருவாக்கியது. போருக்குப் பிறகு, 1949-ல் டிரெஸ்டனில் தயாரான காண்டாக்ஸ் எஸ் கேமராவோடு 'எம்42' என்ற திருகு மவுண்ட் பிரபலமாகத் தொடங்கியது. 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி. கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா, ஜப்பானின் பென்டாக்ஸ், சோவியத்தின் ஜெனித் என எல்லோரும் இதையே பயன்படுத்தினார்கள். பென்டாக்ஸின் தக்குமார், சோவியத்தின் டாயிர்-3 (300 மி.மீ.) எல்லாம் இந்தத் திருகில் வந்தவைதான்.

பிறகு வந்தது ஆட்டோஃபோகஸ். 1985-ல் மினோல்டா 7000 கேமராவும், 1987-ல் கேனான் ஈ.ஓ.எஸ். வரிசையும் தங்கள் பழைய மவுண்டுகளைக் கைவிட்டன. கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லாத லட்சக்கணக்கான லென்ஸ்கள் ஒரே நாளில் 'பழசு' ஆகிவிட்டன. நிக்கானும் பென்டாக்ஸும் பழைய மவுண்டை விடாமல் ஆட்டோஃபோகஸுக்குள் நுழைந்தன.

அப்படி ஒதுக்கப்பட்ட லென்ஸுக்கு மறுபிறவி கொடுத்தது ஒரு சிறிய உலோக வளையம். அடாப்டர்! ஆனால் எந்த லென்ஸும் எந்தக் கேமராவிலும் உட்காராது. இதற்குக் காரணம் ஒரு எளிய கணக்கு.

ஒவ்வொரு கேமராவிலும் மவுண்டிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை ஒரு நிலையான தூரம் உண்டு. எம்42-க்கு 45.46 மி.மீ. கேனான் ஈ.ஓ.எஸ்.-க்கு 44 மி.மீ. இடையில் 1.46 மி.மீ. மிச்சம். அதே கனத்தில் ஒரு வளையம் வைத்தால் லென்ஸ் சரியான இடத்தில் உட்கார்ந்துவிடும். நிக்கானுக்கோ 46.5 மி.மீ. வளையத்துக்கே இடமில்லை, லென்ஸ் சுமார் 1 மி.மீ. முன்னே தள்ளி நிற்கும். 1 மி.மீ. தானே என்று நினைக்க வேண்டாம். 300 மி.மீ. லென்ஸ் 1 மி.மீ. முன்னே நகர்ந்தால், பொதுவாக சுமார் 90 மீட்டருக்கு அப்பால் எதுவும் துல்லியமாகத் தெரியாது. பழவேற்காட்டில் பூநாரை நிற்பதோ அதற்கும் அப்பால்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கேனானின் சொந்தப் பழைய எஃப்.டி. லென்ஸுக்கு வேண்டிய தூரம் 42 மி.மீ. எனவே வெறும் வளையத்தை வைத்து அதை ஈ.ஓ.எஸ். கேமராவில் சரியாகப் பொருத்த முடியாது. ஆனால் ஊர் பேர் தெரியாத சோவியத் லென்ஸ் பொருந்தும்! லேத் பட்டறையில் வேலை பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பிசகினாலும் பாகம் சேராது என்பது அவருக்கு அன்றாடப் பாடம்.

2008-ல் பானசோனிக் ஜி1 கேமராவோடு கண்ணாடியில்லா கேமரா, அதாவது மிரர்லெஸ், வந்தது. உள்ளே ஆடி இல்லாததால் இந்தத் தூரம் 20 மி.மீ. அளவுக்குக் குறைந்தது. எஃப்.டி. உட்பட ஏறக்குறைய எல்லாப் பழைய எஸ்.எல்.ஆர். லென்ஸுக்கும் வழி திறந்தது. சிறிய சென்சாரால் இன்னொரு லாபம்: ஜி1-ல் 300 மி.மீ. லென்ஸ், 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் 600 மி.மீ. காட்டும் பரப்பையே காட்டும். கூர்மையான விளிம்புகளை நிறம் போட்டுக் காட்டும் வசதியும் பின்னால் வந்த மாடல்களில் சேர்ந்ததால் கையால் ஃபோகஸ் செய்வது சுலபமானது.

இப்படி ஒட்டுப்போட்டுப் படம் எடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. எழுத்தாளர் அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன் (1912-1996) சென்னையில் வாழ்ந்த காட்டுயிர் புகைப்படக்காரர். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் வைத்திருந்தது ஒரு கம்பெனியின் கேமரா உடல், வேறொரு லென்ஸ், தன் கையால் செய்த உதிரிகள் எல்லாம் சேர்ந்த ஒரு கலவை. அதற்கு அவர் வைத்த செல்லப்பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. யானைகளையும் மற்ற காட்டு விலங்குகளையும் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

பழைய லென்ஸில் குறைகள் இல்லாமல் இல்லை. பறக்கும் பறவையைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்வது கடினம். வெள்ளை இறகின் ஓரத்தில் ஊதா நிறம் படியும். கடலோர ஈரப்பதத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். வாங்கும் முன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், வாங்கிய பின் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். நல்ல முக்காலி கட்டாயம்.

ஆனால் மேய்ந்து கொண்டு நிற்கும் பூநாரைக்கு வேகமான மோட்டார் தேவையில்லை, பொறுமை போதும். நீளமான லென்ஸ் இல்லாதவருக்குத்தான் இன்னும் நாலடி உள்ளே போகலாமா என்று ஆசை வரும். கம்பெனிகள் கைவிட்ட ஒரு பழைய லென்ஸ் அந்த நாலடியை மிச்சப்படுத்தினால், படம் எடுப்பவருக்கும் லாபம், பறவைக்கும் லாபம். அடுத்த முறை பரணில் தாத்தாவின் லென்ஸ் கிடைத்தால் காயலான் கடைக்குப் போடும் முன் மவுண்டை ஒருமுறை அளந்து பாருங்கள்!