மார்கழியில் ஒரு காத்திருப்பு: செங்கற்பட்டு நாட்டில் கிறிஸ்து பிறப்புத் திருநாளின் சரித்திரம்

மார்கழி பிறந்தால் தொண்டைமண்டலத்தில் வைகறையிலேயே ஊர் விழித்துக்கொள்ளும். ஸ்ரீபெரும்பூதூர்ப் பெருமாள் சந்நிதியில் திருப்பாவை ஓதும் அதே நாட்களில், சற்றுத் தொலைவிலுள்ள கத்தோலிக்கக் கோயில்களிலும் விளக்கேற்றிச் செபம் சொல்லுவார்கள். ஆண்டாள் நாச்சியாரின் நோன்பும் கிறிஸ்தவரின் ஆகமன காலமும் ஒரே பனிக்காலத்தில் வருகின்றன. இரண்டும் ஒருவரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் காலங்களேயாம். நம் மக்களிற் பலர் இன்று இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் முதலிய தொழிற்பேட்டைகளின் நடுவே வாழ்வதால், அவ்விடத்துக் கத்தோலிக்கர் இக்காலத்தை எவ்வாறு அநுசரித்து வந்தனர் என்னும் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம். எம்மதத்தினராயினும் நமக்கு இதில் அறியத்தக்க ஒரு விஷயம் உண்டு.

ஆகமன காலம் என்பது கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன்வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொடக்கமாகக் கொண்ட வாரங்களாகும். இக்காலத்தில் குருவானவர் ஊதா நிற உடை தரிப்பார். மூன்றாம் ஞாயிறு மாத்திரம், மகிழ்ச்சி நெருங்கிவிட்டது என்பதற்கு அறிகுறியாக, ரோஜா நிறம் தரிப்பதுண்டு. இந்நாளில் கோயில்தோறும் காணப்படும் பசிய வளையமும் நான்கு மெழுகுதிரிகளும் பண்டை வழக்கமல்ல. 1839-ல் ஜெர்மனி தேசத்து ஹாம்பர்க் நகரில், அநாதைச் சிறுவருக்கு நாட்கணக்கைக் காட்டும் பொருட்டு விச்செர்ன் என்னும் புரொட்டஸ்டண்டு போதகர் ஏற்றிவைத்த விளக்குவளையமே பிற்காலத்தில் கத்தோலிக்கரிடமும் பரவியது.

ஆனால் இந்நாட்டுக்கென்றே உரிய ஆகமனத் திருநாள் ஒன்று நெடுங்காலமாக உண்டு. அது டிசம்பர் 18-ந் தேதி, பரங்கிமலையில் நடப்பது. பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் எல்லைக்குள் இருந்த அம்மலைக்கும் ஸ்ரீபெரும்பூதூருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு பகல் மாட்டுவண்டிப் பயணமே உண்டு. மலையுச்சியிலுள்ள கோயில், மகப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் தேவமாதாவின் பெயரால் அமைந்தது. அத்திருநாளின் மூலம் ஸ்பெயின் தேசத்தது. மங்கள வார்த்தைத் திருநாள் மார்ச்சு 25-ல் வருவதால், அது தபசு காலத்தோடு முட்டுப்படுகிறதென்று கருதி, 656-ம் வருஷம் தொலேதோ நகரிற் கூடிய சங்கம் அதனை டிசம்பர் 18-க்கு மாற்றி வைத்தது. பின்னர் அதுவே ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் காத்திருக்கும் மாதாவின் திருநாளாயிற்று. டிசம்பர் 17 தொடங்கி மாலைச் செபத்தில் "ஓ" என்னும் விளியுடன் தொடங்கும் ஏழு சிறு பாடல்கள் பாடப்படுவதால், போர்த்துக்கேசியர் அம்மாதாவை "ஓ மாதா" என்றே அழைத்தனர். அவர்கள் கப்பலேறி மயிலாப்பூர் வந்தபோது அத்திருநாளும் உடன் வந்தது.

பரங்கிமலையில் 1547-ல் கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டுகையில், பாஹ்லவி எழுத்துகள் சுற்றிலும் பொறித்த கற்சிலுவை ஒன்று கிடைத்தது. அவ்வெழுத்து பாரசீக தேசத்தது. ஆகவே போர்த்துக்கேசியர் வருமுன்னரே, பல நூற்றாண்டுகளுக்கு முன், கீழைத் தேசத்துக் கிறிஸ்தவர் இக்கடற்கரையில் வழிபட்டனர் என்பதற்கு அக்கல்லே சாட்சி. 1558-ம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதித் திருநாட் பூசையின்போது அச்சிலுவையிலிருந்து வியர்வையும் உதிரமும் போன்ற நீர் கசிந்தது என்று அக்காலத்தார் எழுதிவைத்தனர். அது மீண்டும் மீண்டும் நிகழ்ந்து 1704-ல் நின்றது என்பது வழங்கிவரும் வரலாறு. நம்புவோர் நம்புக, சரித்திரக்காரர் இதனினின்று அறிவது யாதெனின், ஆகமன காலத்து ஒரு திருநாள் இவ்வட்டாரத்து ஜனங்களின் நினைவில் கல்லோடு கல்லாய்ப் பதிந்தது என்பதே. பதினெட்டாம் நூற்றாண்டில் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வர்த்தகர் யாத்திரிகர் பொருட்டு அம்மலைக்குப் படிகள் கட்டுவித்தார். அடையாற்றின்மீது பாலமும் அமைத்தார். இதற்கு மூன்று நாள் கழித்து, டிசம்பர் 21-ல், அர்ச். தோமையார் திருநாளும் வந்தது. ஆக, கிறிஸ்து பிறப்புக்கு முந்திய வாரம் முழுதும் செங்கற்பட்டு நாட்டுக் கத்தோலிக்கர்க்குத் திருநாள் வாரமே.

இனிக் கிராமங்களின் நிலையைப் பார்ப்போம். பெரும்பான்மையான ஊர்களில் சாமியார் குடியிருந்ததில்லை. ஒரு குருவானவர் பல கிராமங்களுக்கும் பொதுவாக இருந்து, முறைவைத்துச் சென்று வருவார். ஏனைய நாட்களில் கோயிலைத் திறப்பவர், சிறுவர்க்கு மந்திரங்களைக் கற்பிப்பவர், சாவுக்குச் செபம் சொல்பவர் யாவரும் உபதேசியார் ஒருவரே. ஆதலின் அவ்வூரார்க்குக் காத்திருத்தல் என்பது வெறும் தியானப் பொருளன்று. சாமியார் எப்போது வருவார் என்று வண்டிப்பாதையை நோக்கியிருந்த மெய்யான காத்திருப்பேயாகும். அவர் வந்தபின் பாவசங்கீர்த்தனம், ஞானஸ்நானம், விவாகம் என வேலைகள் குவிந்துவிடும்.

கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நாள் ஒருசந்தி. அன்றிரவு, சாமியார் தங்கும் ஊரை நோக்கிச் சுற்றுக் கிராமத்தார் பந்தங் கொளுத்திக்கொண்டு கூட்டமாய் நடப்பர். முதியோரும் சிறுவரும் வண்டியில் வருவர். சற்பிரசாதம் வாங்குவோர் நள்ளிரவு தொட்டுத் தண்ணீரும் அருந்தலாகாது என்பது அக்காலக் கட்டளை. விடியற்காலப் பூசையில் சற்பிரசாதம் பெற வேண்டியவர் இரவெல்லாம் நாவுலர்ந்து காத்திருந்தனர். குருவானவர் அத்திருநாளில் நள்ளிரவு, விடியல், பகல் என மூன்று பூசைகள் செய்யும் உரிமை பெற்றவராதலின், சில வேளை ஒன்றை ஓரூரிலும் மற்றொன்றை வேறூரிலும் நிறைவேற்ற இயன்றது.

மாட்டுக்குடில் அமைக்கும் வழக்கம் 1223-ல் இத்தாலி தேசத்துக் கிரேச்சோ என்னும் ஊரில் அர்ச். பிரான்சிஸ் அசீசியார் தொடங்கியது. நம் நாட்டில் அது தமிழ்க் கோலம் பூண்டது. வைக்கோற் கூரை, களிமண் பொம்மைகள், தட்டில் தானியம் விதைத்து வளர்த்த இளம்பயிர் ஆகியவற்றைக் காணும்போது நம் முளைப்பாரி நினைவுக்கு வராமற் போகாது. சம்பா நெல் வயலில் முற்றிக்கொண்டிருக்கும் மாதத்தில், மாடு கட்டும் கொட்டிலில் ஒரு குழந்தை பிறந்த கதை உழவர்க்கு அந்நியமாகத் தோன்றவில்லை. வீரமாமுனிவரும் 1726-ல் முற்றுப்பெற்ற தம் தேம்பாவணியில் தச்சராகிய சூசையப்பரையே தலைவராக்கி, 36 படலங்களில் 3,615 பாக்களால் அக்கதையைத் தமிழ்க் காப்பியமாக்கினார்.

இவ்வளவும் இனிய சரித்திரம். கசப்பான பகுதியும் உண்டு; அதனை மறைத்தல் நியாயமன்று. பெத்லகேமில் சூசையப்பருக்குச் சத்திரத்தில் இடமில்லை என்ற செய்தியை வருஷந்தோறும் வாசித்த கோயில்களிலேயே, சிலருக்கு இடமில்லாதிருந்தது. சாதிக்கொரு பக்கம், சாதிக்கொரு வாசல், சாதிக்கொரு கல்லறை என்னும் ஏற்பாடு தமிழ்நாட்டில் பலவிடங்களில் வேரூன்றிற்று. 1744-ல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்னும் பாப்பு, தாழ்த்தப்பட்டோரின் வீடுகளுக்குள்ளும் குருக்கள் சென்று நோயாளிகளுக்குத் தேவத்திரவிய அநுமானங்களை அளிக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். ஆயினும் அவர்களுக்கென்று தனிக் குருக்களை நியமித்துக்கொள்ளும் இசைவையே சேசுசபையார் பெற்றனர். கட்டளை வந்தது, வழக்கம் மாறவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயிலுக்குள் மக்களைப் பிரித்த சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. பின்பு வழக்கு நீதிமன்றம் ஏறி, கோயிலில் எச்சாதியார்க்கும் தனியுரிமை கிடையாதென்று தீர்ப்பாயிற்று.

செங்கற்பட்டு ஜில்லாவில் இவ்விஷயம் நிலத்தோடு பிணைந்தது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தில் உழவுக் கூலிகள் பெருந்தொகையினராய் மடிந்தனர். எஞ்சியோரிற் பலர் மிஷன்களை நாடினர். ஆதம் ஆண்ட்ரு, வில்லியம் கௌடி முதலிய புரொட்டஸ்டண்டுப் பாதிரிமார் அவர்களுக்கு நிலம் வேண்டுமென்று வாதாடினர். ஜில்லா கலெக்டர் டிரமன்ஹியர் துரை 1891-ல் எழுதிய அறிக்கையில், குடியிருக்கும் மனையும் தமக்குச் சொந்தமில்லாத அம்மக்களின் நிலையை எடுத்துரைத்தார். அதன் பயனாக 1892-ல் சர்க்கார் பிறப்பித்த உத்தரவினாலேயே பஞ்சமி நிலங்கள் ஏற்பட்டன. வீட்டுமனையினின்று எப்போது வெளியேற்றப்படுவோமோ என்று அஞ்சியிருந்தவர்க்கு, "சத்திரத்தில் இடமில்லை" என்னும் வாக்கியம் வேறு விளக்கம் வேண்டாதது.

இருபதாம் நூற்றாண்டில் மாறுதல்கள் விரைந்து வந்தன. போர்த்துக்கேசியரின் மயிலாப்பூர் மேற்றிராசனமும், ரோமைச் சபையின் சென்னை மேற்றிராசனமும் அக்கம்பக்கத்து ஊர்களில் தனித்தனியே ஆண்டுவந்த நிலை 1952-ல் நீங்கி இரண்டும் ஒன்றாயின. 1953-ல் தண்ணீர் அருந்துதல் தடையன்று என்றாயிற்று. 1957-ல் உபவாசம் மூன்று மணி நேரமாகவும், 1964-ல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வெளியிட்ட சாசனத்தின்பின் லத்தீன் பூசை தமிழாயிற்று. உபதேசியார் பொருள் கூறக் கேட்ட மக்கள் தாமே மறுமொழி சொல்லலாயினர். 1969-ல் திருத்திய பஞ்சாங்கத்தின்படி தோமையார் திருநாள் ஜூலை 3-க்குச் சென்றது. ஆயினும் டிசம்பர் 18 பரங்கிமலையை விட்டுப் போகவில்லை. 2002-ல் செங்கற்பட்டு தனி மேற்றிராசனமானபோது அம்மலையும் அதனுள் அடங்கியது.

இதற்குள் நிலத்தின் முகமே மாறிற்று. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் இடப்பட்டு, 1998-ல் கார்கள் வெளிவரலாயின. ஸ்ரீபெரும்பூதூரில் 2006-ல் நோக்கியா தொடங்கி, 2014-ல் மூடப்பட்டது. 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர் என ஒரகடம் பெருகிற்று. ஏரிப் பாசன ஊர்கள் இயந்திர ஊர்களாயின. தென் ஜில்லாக்களிலிருந்தும், ஒடிஸா, ஜார்க்கண்டு முதலிய தூர தேசங்களிலிருந்தும் இளைஞரும் யுவதிகளும் வேலைக்கு வந்து குவிந்தனர். அவர்களிற் கத்தோலிக்கரும் உளர். சோட்டாநாகபுரி மலைநாட்டில் 1885-ல் லீவன்ஸ் என்னும் சேசுசபைக் குருவானவர் பணி தொடங்கியபின் கத்தோலிக்கரான முண்டா, ஒராவோன் குடிகள், மாந்தர் என்னும் மத்தளத்தை முழக்கி ஆடிப்பாடிக் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுபவர்கள். அக்குடிகளில் தோன்றிய ஒருவனுக்கு இங்குள்ள தமிழ்ப் பூசையில் சிலுவைக் குறியும் பூசையின் வரிசையுமே தெரிந்தவை, மொழி தெரியாது.

முன்னோர்க்கு நள்ளிரவுப் பூசைக்குத் தூரம் தடையாயிருந்தது. இவர்க்கு முறை வேலை தடையாயிற்று. இரவு முறைக்குச் செல்வோன் பூசைமணி அடிக்கும் வேளையில் இயந்திரத்தின் முன் நிற்பான். 1958-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுத் தொழில் நிறுவன விடுமுறைச் சட்டம், ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கையும் நாள் குறித்துக் கட்டாய விடுமுறையாக்கி, மேலும் ஐந்து பண்டிகை நாட்களை அந்தந்த நிறுவனத்துக்கேற்பத் தேர்ந்துகொள்ள விட்டது. ஆகவே கிறிஸ்து பிறப்பு விடுமுறையா அன்றோ என்பது அத்தேர்வைப் பொறுத்தது. பண்டு மூன்று பூசைகள் பல ஊர்களுக்குப் பயன்பட்டதுபோல, இன்று மாலை, நள்ளிரவு, காலை என்று பிரித்து வைக்கும் பூசைகள் வேலை முறைகளுக்குப் பயன்படுகின்றன.

தங்குமிடமோ பெருங்குறை. வல்லம்-வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அத்தகைய விடுதி வாய்க்காதோர் கிராமத்து வரிசை வீடுகளையே நாடுகின்றனர். ஈண்டே சரித்திரம் நம் வாசற்படியை வந்தடைகிறது. அவ்வீடுகளின் சொந்தக்காரரில் நம் மக்களும் உளர். குடிக்கூலிக்கு வீடு கேட்டு வந்தவனை முதலில் நாம் கேட்பது யாது? ஊர் எது என்பதும், பின்பு ஆட்கள் யார் என்பதும், சுற்றி வளைத்துச் சாதி எது என்பதும் அல்லவா? சத்திரக்காரனும் ஏறக்குறைய இதனையே கேட்டிருப்பான்.

ஸ்ரீபெரும்பூதூர் எம்பெருமானார் அவதரித்த தலம். ஒருவர்க்கும் வெளியிடலாகாது என்று தம் ஆசாரியர் உபதேசித்த பொருளை, திருக்கோட்டியூரில் உயர ஏறி நின்று எல்லார்க்கும் அவர் அறிவித்தார் என்று குருபரம்பரை கூறும். அடைத்த கதவைத் திறப்பதே அப்பெரியார் இம்மண்ணுக்கு விட்டுச்சென்ற செல்வம். பரங்கிமலைத் திருநாளும் அதனையே வேறு வாயிலால் உணர்த்துகிறது: காத்திருக்கும் ஒரு தாய்க்கு யாரேனும் கதவு திறக்க வேண்டும்.

சாதிச் சங்கம் ஒன்றின் ஏட்டில் இதனை எழுதுவது பொருத்தமோ என்று சிலர் ஐயுறலாம். தம்மவரைத் தாங்குதற்கு ஏற்பட்ட சங்கம், பிறரைத் தள்ளுதற்கு ஏற்பட்டதன்று என்பதே எமது விடை. நம்மிற் கிறிஸ்தவரானோர், இவ்வாண்டு நள்ளிரவுப் பூசைக்குச் செல்லுமுன், மொழி தெரியாத ஒருவருக்காகத் தம் வரிசையில் இடம் விடுவாராக. மற்றையோர், அடுத்த முறை காலியாகும் அறைக்கு ஆள் வரும்போது, குடிக்கூலியையும் முன்பணத்தையும் மட்டும் பேசி, சாதியைக் கேளாது சாவியைக் கொடுப்பாராக. மார்கழிப் பனியில் வெளியே நிற்பவனுக்கு இதனினும் பெரிய திருநாள் வேறில்லை.