கூண்டு ஏற்றினால் ஊருக்கே தெரிய வேண்டும்

இன்று சீட்டாட்டத்தைப் பற்றி ஒரு வரலாற்றுப் பதிவு. ஓய்வு பெற்ற வாத்தியார் சீட்டைப் பற்றி எழுதலாமா என்று முகம் சுளிக்க வேண்டாம். காசு வைத்துக் குடும்பத்தைக் கெடுக்கும் ஆட்டத்தைப் பற்றி நான் எழுதவில்லை. பிரிட்ஜ் ஆட்டத்தில் கூட்டாளிகள் பேசாமலே தகவல் சொல்லிக்கொள்ளும் முறை எப்படி வந்தது, அதில் எது நேர்மை, எது களவு என்பதுதான் விஷயம். கடற்கரைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது நம் எல்லோருக்கும் தெரியும். பகலில் கூண்டு, இரவில் விளக்கு. 1 முதல் 11 வரை எண்கள். ஒன்று என்றால் புயல் சின்னம் தொலைவில் இருக்கிறது. பத்து என்றால் பெரும் அபாயம். பதினொன்று என்றால் வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று பொருள். இதில் ஒளிவுமறைவு கிடையாது. விசைப்படகுக்காரருக்கும் தெரியும், கரையில் கருவாடு காயவைக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

இதற்கு நேர் எதிரானது, சீட்டாட்டத்தில் சாடை காட்டுவது. காதைச் சொறிந்தால் ஆஸ், மூக்கைத் தொட்டால் ராஜா என்று இரண்டு பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். பிடிபட்டால் அடிதடிதான்.

பிரிட்ஜில் 4 பேர். எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு. ஏலம் கேட்டு ஒரு ஜோடி ஆட்டத்தை எடுக்கும். முதல் சீட்டு விழுந்ததும், எடுத்தவரின் கூட்டாளி தன் கையை மேசையில் விரித்து வைத்துவிடுவார். எடுத்தவர் தன் பக்கத்து 26 சீட்டையும் பார்த்து ஆடுவார். தடுத்து ஆடும் இருவருக்கு அந்த வசதி இல்லை. தன் கை தெரியும், விரித்த கை தெரியும், கூட்டாளியின் கை தெரியாது. வாயும் திறக்கக்கூடாது. சங்கு குளிக்கக் கடலுக்குள் இறங்கியவனும், மேலே வள்ளத்தில் கயிறு பிடித்து நிற்பவனும் போலத்தான். இடையே பேச்சு இல்லை, கயிறு மட்டும் உண்டு. பிரிட்ஜில் அந்தக் கயிறு, நாம் போடும் சீட்டு.

இந்த உத்தி பிரிட்ஜுக்கும் மூத்தது. பிரிட்ஜின் தாய் ஆட்டமான விஸ்டில், 1834இல் லார்ட் ஹென்றி பெண்டிங் என்ற ஆங்கிலேயர் இதைப் புகுத்தினார். 1806 வேலூர்ப் புரட்சியின்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் பெண்டிங் பிரபுவின் அண்ணன் மகன் இவர். தேவையே இல்லாமல் முதலில் பெரிய சீட்டைப் போட்டு, அடுத்த சுற்றில் சின்னதைப் போட்டால், 'துருப்பு இறக்கு' என்று கூட்டாளிக்குச் சொல்வதாகப் பொருள். இதற்கு வைத்த பெயர் 'புளூ பீட்டர்'. நீல நிறத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் உள்ள கப்பல் கொடியின் பெயர் அது. துறைமுகத்தில் அந்தக் கொடி ஏறினால் கப்பல் புறப்படப் போகிறது, எல்லோரும் ஏறுங்கள் என்று அர்த்தம். சீட்டுக் குறிப்புக்குக் கொடியின் பெயரை வைத்தது பொருத்தம்தான். கொடியை எல்லோரும் பார்க்கலாம்.

துருப்பு என்பதும் கடல் வழி வந்த சொல். டச்சுக்காரர் 'ட்ரூஃப்' என்பார்கள். 1658இல் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் எல்லாவற்றையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தவர்கள் அவர்கள். நாம் துருப்பு என்கிறோம், யாழ்ப்பாணத்தில் துரும்பு என்பார்கள். கிளாவர் என்பதும் டச்சுச் சொல்லே.

விஸ்ட் பிரிட்ஜாக மாறியதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 1904இல் அலகாபாத்தில், 'ஜான் டோ' என்ற புனைபெயரில் ஏல பிரிட்ஜ் பற்றி ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் இந்தியாவில் பணியாற்றிய ஓர் ஆங்கிலேய அதிகாரி. நான்காவது ஆள் கிடைக்காத ஊரில் மூவராக ஆடியபோது ஏல முறை பிறந்தது என்பார்கள். 1925இல் அமெரிக்கர் ஹெரால்டு வாண்டர்பில்ட், பனாமா கால்வாய் வழியாகச் சென்ற கப்பலில், இன்றைய கான்ட்ராக்ட் பிரிட்ஜின் புள்ளி முறையை வகுத்தார்.

ஓர் உதாரணம். கூட்டாளி இஸ்பேட் ராஜாவை இறக்குகிறார். ஆஸும் அவரிடமே இருக்கிறது. உங்களிடம் இஸ்பேட்டில் 8, 2 இரண்டே சீட்டு. ராஜாவுக்கு 8 போடுங்கள், ஆஸுக்கு 2 போடுங்கள். பெரியது முதலில், சின்னது பிறகு. 'மூன்றாவது முறையும் இஸ்பேட்டே போடு, நான் துருப்பால் வெட்டுகிறேன்' என்று கூட்டாளி புரிந்துகொள்வார். வரிசை மாறி 2 முதலில் விழுந்தால், 'வேறு இனத்துக்குப் போ' என்று எடுத்துக்கொள்வார். எந்த இனத்துக்குப் போவது என்பதையும் சீட்டின் உயரத்தாலேயே காட்டும் முறையை 1930களில் ஹை லாவிந்தால் என்ற அமெரிக்கர் கொண்டுவந்தார்.

அப்படியானால் இதுவும் சாடைதானே? இல்லை. பிரிட்ஜ் விதிப்படி, ஒரு ஜோடி தங்களுக்குள் வைத்திருக்கும் ஏற்பாடு எதிராளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். 'உங்கள் கூட்டாளி போடும் பெரிய சீட்டுக்கு என்ன பொருள்?' என்று எதிராளி கேட்டால், உள்ளதைச் சொல்லியாக வேண்டும். தகவல் சீட்டின் வழியாக மட்டுமே போகலாம். போட்ட வேகம், முகபாவம், பெருமூச்சு எதுவும் கூடாது.

இந்தக் கோட்டைத் தாண்டியதாகப் பெரியவர்களும் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறார்கள். 1965இல் புவனோஸ் அயர்ஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில், பிரிட்டனின் ரீஸ், ஷாபிரோ ஜோடி சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் ஆடுதன் எத்தனை என்று காட்டியதாகப் புகார். உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு குற்றம் என்றது. பிரிட்டனில் நடந்த விசாரணை அதை ஏற்கவில்லை. 1975இல் பெர்முடாவில் ஓர் இத்தாலிய ஜோடி மேசைக்கு அடியில் கால் விவகாரத்தில் கண்டிக்கப்பட்டது. கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைக்கும் வழக்கம் அந்தப் போட்டியில்தான் வந்தது. பிறகு மேசைக்கு அடியிலும் தடுப்பு வந்தது.

திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து ஆடினாலும் சீட்டின் குறிப்பு மட்டும் தங்குதடையின்றிப் போய்ச் சேருகிறது. அதுதான் ஆட்டத்தின் அழகு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, ஆண்கள் இரட்டையர் தங்கம் நம் நாட்டுக்குத்தான் வந்தது. பிரணாப் பர்தனுக்கு வயது 60, சிப்நாத் சர்க்காருக்கு 56. சிப்நாத் சர்க்கார் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். வாத்தியார் சீட்டு ஆடலாமா என்பவர்களுக்கு இதுவே என் பதில்.

அக்கரையில் 304 ஆடிய சொந்தங்கள் இருந்தால் சொல்லுங்கள். உங்கள் ஊரில் துருப்பா, துரும்பா?