குண்டுகரிச்சானும் சோலைபாடியும்: வளவில் ஒன்று, காட்டில் ஒன்று

பெரியகல்லாற்றில் விடியும் முன்னே கூரை முகட்டில் இருந்து பாடும் கறுப்பு வெள்ளைக் குருவியை அறியாதவர் குறைவு. அது குண்டுகரிச்சான், சிங்களத்தில் பொல்கிச்சா. அதன் உறவுக்காரியான சோலைபாடியைப் பற்றி நான் விசாரித்தபோது, பெயரே பலருக்குப் புதிதாக இருந்தது.

இரண்டும் கொப்சிக்கஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆண் கரிச்சானுக்கு வயிறு வெள்ளை. சிறகில் வெள்ளைக் கோடு. சோலைபாடிக்கு வயிறு செம்பழுப்பு, பிட்டம் வெள்ளை, வால் நீளம். கரிச்சான் வெளியான உயரத்தில் இருந்து பாடும். சோலைபாடி நிழலுக்குள் ஒளிந்து பாடும். படுவான்கரைக்கு அப்பால் உள்ளதைப் போன்ற உலர்வலயக் காடுகளே அதன் இடம்.

உலகச் சிவப்புப் பட்டியலில் இரண்டும் 'குறைந்த கவலைக்குரியவை'. ஆனால் அது இனத்தின் முழுப் பரம்பலுக்கும் இடப்பட்ட மதிப்பீடு. ஓர் ஊரின் நிலையை அது சொல்லாது. சிங்கப்பூரில் சாதாரணமாகத் திரிந்த கரிச்சான் 1970களில் மிக அருகிப்போனது. சோலைபாடியின் குரலே அதற்குப் பகையாயிற்று. தென்கிழக்காசியாவில் கூண்டுக்காகவும் பாட்டுப் போட்டிகளுக்காகவும் பெருமளவில் பிடிக்கப்பட்டதால், 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு அதன் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இரண்டையும் பாதுகாக்கிறது. பறவையைப் பிடிப்பது குற்றம். ஆனால் அது வாழும் பற்றைக்காடு முழுவதற்கும் அதே காவல் இல்லை.

எங்கள் மாவட்டத்துக்கு இந்த வேறுபாடு முக்கியம். 2007இல் படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்து வாவிக்கு இப்பால் வந்தார்கள். திரும்பிப் போனவர்கள் தென்னையும் முருங்கையும் நட்டார்கள். அப்படி மீண்ட வளவு கரிச்சானுக்குப் போதும். சுவர்ப்பொந்திலும் அது கூடு வைக்கும். சோலைபாடிக்கு அது போதாது. அதற்கு முதிர்ந்த மரத்தின் பொந்தும், அடர்ந்த கீழ்ப்பற்றையும், நிழலும் வேண்டும். ஒருமுறை வெட்டப்பட்ட காடு அவற்றைத் திருப்பித் தரப் பல பத்தாண்டுகள் எடுக்கும்.

ஆகவே வளவில் கரிச்சான் பாடுவதைக் கேட்டு, பறவைகள் எல்லாம் நலம் என்று முடிவுகட்ட முடியாது. பட்ட தென்னையொன்றைத் தறிக்காமல் விட்டால் கரிச்சானுக்கு உதவியாகும். சோலைபாடிக்கு உதவ வேண்டுமானால், காட்டோரம் துப்புரவாக்கப்படும்போது யார், எதற்காக, எவ்வளவு என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி காணியை இழந்து மீண்ட மக்களுக்குப் புதியதல்ல.