பத்து மணிக்குப் பிறகு பாரதம்: செஞ்சி வட்டாரமும் ஒலிக் கட்டுப்பாட்டின் வரலாறும்

செஞ்சிக் கோட்டைக்கு வடமேற்கே இருக்கும் மேலச்சேரியைப் பழைய செஞ்சி என்பார்கள். துரௌபதி அம்மன் வழிபாட்டுக்குத் தாய்வீடு என்று இவ்வட்டாரத்தார் கொண்டாடும் கோயில் அங்கேதான் உள்ளது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்ட்டல் இவ்வழிபாட்டைப் பற்றி 1988-இல் வெளியிட்ட முதல் தொகுதிக்கு, செஞ்சியில் தொடங்கிக் குருட்சேத்திரத்தில் முடியும் துணைத்தலைப்பைக் கொடுத்ததும் இதனால்தான். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும் என்று கோடையில் ஊர் ஊராக நடக்கும் விழா இது. கூத்தில் முதலில் வருவது வேஷமல்ல, சத்தம். களரி கட்டுதல் என்ற பெயரில் மிருதங்கமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து முழங்கினால்தான் பக்கத்து ஊர்க்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார்கள். பத்து மணிவாக்கில் திரைக்குப் பின்னாலிருந்து கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குரல் கொடுப்பான். கர்ணன் விழும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் தடைக்குரிய இரவு என்று வரையறுப்பதும் பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரையுள்ள நேரத்தைத்தான். கூத்தின் முழு நேரமும் தடை நேரத்துக்குள் அப்படியே அடங்கிவிடுகிறது. இந்த நிலைக்குச் சட்டம் எப்படி வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சென்னை மாகாணத்தில் தெரு வாத்தியம் போலீஸ் கைக்கு வந்தது 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டத்தால். திருவிழாக் காலங்களில் தெருவில் எந்த அளவுக்கு வாத்தியம் வாசிக்கலாம் என்பதை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அது போலீசுக்குக் கொடுத்தது. அப்போது யாரும் சத்தத்தின் அளவைப் பற்றிக் கவலைப்படவில்லை. எந்த ஊர்வலம் யார் வாசலைத் தாண்டி மேளத்தோடு போகலாம் என்பதுதான் தகராறு. 1882-இல் சேலத்தில் மூண்ட கலவரமும், அடுத்த ஆண்டு சுந்தரம் செட்டி வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தந்த தீர்ப்பும் இதற்குச் சாட்சி. மசூதி, ஊர்வலம், மேளம் என்ற மூன்றும் சேர்ந்தே அன்றைய புகார்களின் உருவம் அமைந்தது. இதைப் படிக்கும்போது, துரௌபதி அம்மன் கோயில்களில் காவலுக்கு நிற்கும் முத்தால ராவுத்தன் என்ற முஸ்லிம் வீரனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மாகாணத்தின் சட்டப் புத்தகத்தில் எதிர் எதிராக நின்றவர்கள் இங்கே ஒரே கோயிலில் படையல் வாங்குகிறார்கள்.

1888-இன் சென்னை நகரப் போலீஸ் சட்டமும் 1889-இன் நகரத் தொல்லைகள் சட்டமும் வாத்தியச் சத்தத்தை அன்றாடத் தொல்லை என்ற கணக்கில் கொண்டுவந்தன. போலீஸ் அனுமதி என்ற பழக்கத்துக்கு வேறொரு வேரும் உண்டு. 1954-இன் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்திருந்தது. கட்டியங்காரன் அன்றைக்கு வாயில் வந்ததைப் பேசுகிற கூத்துக்கு எந்தப் பிரதியைக் காட்டுவது? எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் அச்சட்டத்தைச் செல்லாது என்றது.

இதற்கிடையே மைக் செட் வந்துவிட்டது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தொண்டையை மட்டும் நம்பி ஆடியவர்களின் தலைக்கு மேல் மைக் தொங்கியது. குழாய் ஸ்பீக்கர் மரத்தில் ஏறியது. முன்பு கூத்து கேட்க வேண்டியவன் களத்துக்குப் போக வேண்டும். குழாய் வந்தபின் கேட்க விரும்பாதவனும் கேட்டாக வேண்டியதாயிற்று. புகாரின் உருவம் மாறியது இங்கேதான் என்பது என் கணிப்பு. ஊர்வலத் தகராறின் எதிர்த்தரப்புக்காரன் போய், தூங்க முடியாத அண்டைவீட்டுக்காரர் மனுதாரரானார். சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் ஒரு பெந்தெகொஸ்தே சபைமீது தொடுத்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த ஒலி மாசு விதிகள் இடத்தை வகைப்படுத்தி எண்களைக் கொடுத்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். அனுமதிக்கும் புகாருக்கும் உரிய அதிகாரி மாவட்ட ஆட்சியர், அல்லது டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி. செஞ்சி பேரூராட்சி அலுவலகத்தில் போய்ச் சத்தத்தைப் பற்றி மனுக் கொடுப்பவர், அந்த அளவில், கதவு மாறித் தட்டுகிறார். விழாக்குழு மனுவோடு முதலில் காவல் நிலையத்துக்குப் போவதும் இதனால்தான்.

கூத்தைப் பொறுத்தவரை 2000-த்தைவிட 2010-தான் பெரிய திருப்பம். இதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் விதி ஒலிபெருக்கியை மட்டும் தடுத்தது. மைக்கை அணைத்துவிட்டு விடிய விடிய மிருதங்கம் வாசிக்க அப்போது வழியிருந்தது. 2010 ஜனவரித் திருத்தம் தடைப் பட்டியலில் இசைக்கருவியையும் சேர்த்தது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. திறந்தவெளிக் களத்துக்கு இல்லை. புகாரும் எளிதாயிற்று. முன்பு அளவை 10 டெசிபல் மிஞ்சினால்தான் புகார் நிற்கும். இப்போது இரவுத் தடையை மீறினாலே போதும், கருவி வைத்து அளக்க வேண்டியதில்லை.

தளர்வு ஒன்று இருக்கிறது. கலாசார, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், இரவு பன்னிரண்டு வரை ஒலிபெருக்கியை மாநில அரசு அனுமதிக்கலாம் என்ற உட்பிரிவு 2002-இல் சேர்ந்தது; உச்ச நீதிமன்றம் 2005-இல் அதை ஏற்றது. செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைதோறும் நள்ளிரவை ஒட்டி ஊஞ்சல் உற்சவம் நடக்கிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு அமாவாசை, சில ஆண்டுகளில் பதின்மூன்று. மாநிலம் முழுமைக்கும் உள்ள 15 நாளில் இந்த ஒரு கோயிலின் கணக்கே பெரும்பங்கைத் தின்றுவிடும். கூத்துக்கோ பன்னிரண்டு மணி என்பது கதை சூடுபிடிக்கும் நேரம்.

தடையைக் கலைக்கு விரோதம் என்று மட்டும் சொல்வது நேர்மையாகாது. 2005-இல் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு பற்றித் தந்த இன்னொரு தீர்ப்புக்குக் காரணமான மனு, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் கதறல் ஒலிபெருக்கிச் சத்தத்தில் யார் காதிலும் விழாமல் போனதைச் சொல்லித்தான் தொடங்கியது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவருக்குக் கர்ண மோட்சமும் சினிமாப் பாட்டும் ஒன்றுதான்.

ஆனால் விதி எழுதும்போது வழக்கத்தைக் கணக்கில் எடுக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய செஞ்சிக் கோட்டைக்குள்ளேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. தொல்லியல் சின்னங்களுக்கான 1959-ஆம் ஆண்டு விதிகள், பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கூட்டமோ கேளிக்கையோ நடத்த மத்திய அரசின் எழுத்து அனுமதி வேண்டும் என்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட சமய வழக்கப்படி நடப்பதற்கு மட்டும் அதே விதியில் விலக்குத் தருகின்றன. ராஜகிரி மலைமேல் கமலக்கண்ணி அம்மனுக்கு நடக்கும் விழா இந்த வகையைச் சேரும். கோட்டைச் சுவருக்கு வெளியே, மேலச்சேரியில் விடிய விடிய ஆடும் பாரதத்துக்கு ஒலி விதிகளில் இதற்கு இணையான பிரிவு கிடையாது.