ஏழு நரம்புகளின் பிறப்புமுறையும் கீ சிக்னேச்சரும்: ஓர் அடிப்படைப் பாடம் குறித்து

மேலை இசைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் கீ சிக்னேச்சர்களை வாய்பாடாக மனப்பாடம் செய்கிறார். சி மேஜருக்கு எதுவும் இல்லை, ஜி மேஜருக்கு ஒரு ஷார்ப், டி மேஜருக்கு இரண்டு. ஷார்ப்கள் ஏன் எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி என்ற வரிசையில் மட்டுமே சேர்கின்றன என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. அந்த விடை பழந்தமிழ் இசை இலக்கணத்தில் தெளிவாக இருக்கிறது. அதையே முதற்பாடமாக வைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சிலப்பதிகார உரைமரபு நரம்புகளின் (சுரங்களின்) பிறப்பை இவ்வாறு சொல்கிறது: தாரத்தில் உழை, உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை. ஒவ்வொன்றும் முன்னதற்கு ஐந்தாம் நரம்பு, அதாவது கிளை. இன்றைய வழக்கில் ச–ப உறவு. குரலில் தொடங்கும் பாலையான (சுர அடுக்கான) செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்று இசை ஆய்வாளர் எஸ். இராமநாதன் முதலியோர் கண்ட முடிவை ஏற்று, குரலைப் பியானோவின் சி-யில் நிறுத்தினால், இத்தொடர் பி ஃபிளாட், எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ என அமைகிறது. ஏழு சுரங்களும் இடைவிடாத ஏழு கண்ணிகள்.

இத்தொடரில் இரண்டு செயல்கள் நிகழலாம். முதலாவது பண்ணுப்பெயர்த்தல்: சுரங்களைத் தொடாமல் குரலை மட்டும் இடம் மாற்றுவது. முதற்கண்ணியான தாரம் குரலானால் மேற்செம்பாலை, அதாவது கல்யாணி. உழை குரலானால் அரும்பாலை, சங்கராபரணம். மேலையோரின் மேஜர் இதுவே. அடுத்தடுத்த கண்ணிகளில் அரிகாம்போதி, கரகரப்பிரியா, நடபைரவி, தோடி. கடைசிக் கண்ணியான கைக்கிளைக்கு மேல் தொடர் இல்லை. ஆகவே அதைக் குரலாக்கினால் வரும் செவ்வழிப்பாலையில் தூய பஞ்சமம் கிடைப்பதில்லை. 72 மேளங்களில் செவ்வழிப்பாலைக்கு இடமில்லாமல் போனதற்குக் காரணம் இவ்வளவே. ஏ மைனரும் சி மேஜரும் ஒரே சிக்னேச்சரைப் பகிர்வதும் இச்செயலின் விளைவுதான்.

இரண்டாவது செயல், தொடரையே ஒரு கண்ணி நகர்த்துவது. சி மேஜரின் தொடர் எஃப்-இல் தொடங்கி பி-இல் முடிகிறது. ஜி மேஜருக்குப் போகும்போது இடக்கோடியில் எஃப் உதிர்கிறது. வலக்கோடியில் எஃப் ஷார்ப் சேர்கிறது. மற்ற ஆறும் அப்படியே நிற்கின்றன. அடுத்த நகர்வில் சி உதிர்ந்து சி ஷார்ப் வருகிறது. ஷார்ப்களின் வரிசை தொடரின் வரிசையே. எதிர்ப்பக்கம் நகர்த்தினால் அதே வரிசை தலைகீழாகி, பி, ஈ, ஏ என்று ஃபிளாட்கள் வருகின்றன. இதைக் கண்டுகொண்ட மாணவருக்கு வாய்பாடு தேவைப்படாது.

கருநாடக இசைக்குக் கீ சிக்னேச்சரே வேண்டாமே, அதற்கு இந்தப் பாடம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்தரைக் கட்டையில் பாடினாலும் ச, ரி, க பெயர் மாறுவதில்லை என்பது உண்மை. மேலைக் குறியீட்டில் எழுத்துப் பெயர்கள் நிலையானவை. அந்த நிலைத்தன்மைக்குக் கொடுக்கும் விலையே சிக்னேச்சர். ஆனால் குறியீடு தேவையில்லை என்பதால் உறவும் தேவையில்லை என்று ஆகிவிடாது. குரலை இடம் மாற்றும் சுருதிபேதத்தை மேடை வித்தையாக மட்டும் பார்க்கும் பழக்கம், அந்த உறவை முதலிலேயே சொல்லித்தராததால் வந்தது என்றே கருதுகிறேன்.

கணக்கு முற்றாக மூடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு தூய பஞ்சமங்கள் ஏழு ஸ்தாயிகளைவிட, அரைச்சுரத்தின் கால்பங்குக்குச் சற்றே குறைந்த அளவில் மிஞ்சுகின்றன. சமமாகப் பகுத்த பியானோவில்தான் வட்டம் வட்டமாகிறது. ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' (1917) நூலில் சமப் பகுப்பை அத்தனை வலிமையாக வாதாடியதை இந்த மிச்சத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஏழு கண்ணிகளுக்குள் நிற்கும் தொடக்கப் பாடத்தை இது பாதிப்பதில்லை.

உண்மையான இடர் வேறு. புரந்தரதாசர் வகுத்ததாகக் கொள்ளப்படும் சரளி வரிசை மாயாமாளவகௌளையில் தொடங்குகிறது. முற்பாதியும் பிற்பாதியும் ஒரே இடைவெளிகளில் அமைவதால் குரல் பயிற்சிக்கு அது மிகப் பொருத்தம். ஆனால் அதன் ஏழு சுரங்கள் தொடர்ந்த ஏழு கண்ணிகளாக அமைவதில்லை. வழக்கிலுள்ள எந்தக் கீ சிக்னேச்சரிலும் அது அடங்காது. மாயாமாளவகௌளையை அகற்ற வேண்டியதில்லை. சரளி, ஜண்டை வரிசைகள் முடிந்ததும் அரிகாம்போதியை எடுத்து, தாரம் முதல் கைக்கிளை வரை பஞ்சமம் பஞ்சமமாக வீணையிலோ கீபோர்டிலோ அடுக்கிக் காட்டி, மற்ற ஆறு பாலைகளையும் மாணவரே பெயர்த்து வாசிக்கச் செய்யலாம். செவ்வழியில் பஞ்சமம் இல்லாததையும் அவரே கண்டுபிடிப்பார்.