பெயர் கேட்கப்படாத தாய்

மன்னர்களின் முகங்களை ஓவியர்கள் தீட்டி வைத்தனர். செல்வர்களின் முகங்களைப் புகைப்பட நிலையங்கள் காத்து வைத்தன. உழைத்துண்ணும் குடும்பங்களின் முகங்களோ நெடுங்காலம் வரலாற்றில் இடம்பெறவில்லை. அக்குறையைப் போக்க முற்பட்டோருள் ஒருவர், அமெரிக்கப் புகைப்படக் கலைஞரான டோரதியா லாங் அம்மையார் (1895–1965).

சான் பிரான்சிஸ்கோ நகரில் வசதி படைத்தோரைப் படமெடுக்கும் நிலையமொன்றை அவர் நடத்திவந்தார். 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருவீழ்ச்சி வேலையற்றோரைத் தெருவில் நிறுத்தியபோது, அம்மையாரும் கருவியுடன் தெருவுக்கு வந்தார். 1935 முதல் அரசுப் பணியேற்று, நிலமிழந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்க வந்த உழவர் குடும்பங்களைப் படமெடுக்கலானார்.

1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நிப்போமோ என்னும் ஊரருகே பட்டாணி பறிக்கும் கூலியாட்களின் முகாமை அவர் கண்டார். பயிர் பட்டுப்போயிருந்தது, கூலியும் இல்லை, உணவும் இல்லை. கூடாரத்தின்கீழ் ஒரு தாய், மடியில் கைக்குழந்தை, இரு தோள்களிலும் முகம் புதைத்த இரு பிள்ளைகள், கன்னத்தருகே தளர்ந்த கை, தொலைவை நோக்கும் கண்கள். ‘புலம்பெயர்ந்த தாய்’ என உலகம் அறியும் படம் இதுவே. ஏழு பிள்ளைகளின் தாய், வயது 32 என்று லாங் குறித்துக்கொண்டார். பெயரை மட்டும் கேட்கவில்லை.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் சான் பிரான்சிஸ்கோ நாளிதழொன்று முகாமின் அவலத்தைப் படங்களுடன் வெளியிட்டது. உடனே 20,000 பவுண்டு உணவு அங்கு அனுப்பப்பட்டது. புகைப்படத்தின் ஆற்றலுக்கு வேறு சான்றும் வேண்டுமோ? ஆயினும் உணவு வந்து சேருமுன்பே அத்தாய் வேலை தேடி வேறிடம் சென்றுவிட்டார்.

அவர் ஃபுளோரன்சு ஓவன்சு தாம்சன் என்பதை உலகம் அறிய 1978 வரை ஆயிற்று. ஒக்லகோமாவில் பிறந்த செரோக்கி இனப் பெண்மணி அவர். வெள்ளை உழவர்களின் துயரச் சின்னமாகப் போற்றப்பட்ட முகம், அம்மண்ணின் பழங்குடி மகளுடையது! படத்தால் தமக்கு ஒரு காசும் கிட்டவில்லை என்று அவர் மனம் வருந்தினார். அரசுப் பணியில் எடுத்த படமாதலால் லாங்கும் அதற்கு உரிமை கொண்டாட இயலவில்லை. 1983இல் அவர் நோயுற்றபோது, பிள்ளைகள் பொதுமக்களின் உதவியை நாடினர். 35,000 டாலருக்கும் மேல் நன்கொடை குவிந்தது. அவ்வாண்டே அவர் மறைந்தார்.

அப்படம் பசியைச் சொன்னது. பசித்தவர் யாரென்று சொல்லவில்லை. பெயரற்ற முகம் சின்னமாகலாம். ஆனால் அவருடைய இனமும் ஊரும் வாழ்வும் அதனுள் மறைந்துபோகின்றன.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நம் இல்லங்களிலும் பழைய படங்கள் பெட்டிகளில் உறங்குகின்றன. ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்த நம் முன்னோரின் முகங்களை அடையாளம் சொல்லவல்ல முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களைக் கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயரையும் பிறந்த ஊரையும் செய்த தொழிலையும் இன்றே எழுதிவைப்போமாக.