கடனும் கதவும்: தொண்டை நாட்டிலும் ஜப்பானிலும் நிலமானிய ஆட்சியின் முடிவு

ஜப்பானில் நிலமானிய ஆட்சி குலைந்த வரலாற்றை, 1853 ஜூலையில் எடோ விரிகுடாவின் வாயிலான உராகாவில் வந்து நின்ற கமடோர் பெர்ரியின் நான்கு கப்பல்களிலிருந்து தொடங்குவது பாடநூல்களின் வழக்கம்; தமிழகத்துப் பாளையக்காரர் ஆட்சியின் முடிவும் இவ்வாறே பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைமீது பாய்ந்த பீரங்கிக் குண்டுகளிலிருந்து தொடங்கப்படுகிறது. ஆனால் இவ்விரு ஆட்சிகளும் வாளுக்கு முன்பே கடனுக்குத் தோற்றிருந்தன. கடன் கொடுத்தவர் யார் என்பதில்தான் இரண்டின் விதிகளும் பிரிந்தன என்பதும், அந்த வேறுபாட்டின் முழு விலையையும் முதலில் செலுத்திய பகுதிகளுள் காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டு ஜாகீர் ஒன்று என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பாளையம் என்ற சொல் படை தங்கும் இடத்தையும், அதன் வழியே படைக் கடமைக்கு ஈடாக ஒரு தலைவனுக்கு விடப்பட்ட நிலப்பகுதியையும், நகரை ஒட்டிக் குடியேறியவர்களின் ஊரையும் குறித்து வந்திருக்கிறது. காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையம் இக்கடைசிப் பொருளில் நிற்கும் பெயர். மதுரையில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் வகுத்தவையாகச் சொல்லப்படும் 72 பாளையங்களோ இரண்டாம் பொருளுக்குரியவை: பாளையக்காரர் வரி தண்டினார், ஊர்க்காவல் செய்தார், மேலரசுக்குத் திறை கட்டினார். ஜப்பானில் இவரோடு ஒப்பிடத்தக்கவர் டைம்யோ எனப்பட்ட குறுநிலத் தலைவர். 1603 முதல் ஆண்ட தொக்குகாவா குடியின் ஷோகன்கள் எனப்பட்ட படைத்தலைவர்களின்கீழ் சுமார் 260 டைம்யோக்கள் தத்தம் நிலப்பகுதிகளை ஆண்டனர். அவர்களது தகுதி, அந்நிலம் எத்தனை ‘கோக்கு’ நெல் விளைவிக்கும் என்பதால் அளக்கப்பட்டது. ஒரு கோக்கு ஏறத்தாழ 180 லிட்டர்.

வருவாய் நெல்லாகவும் செலவு காசாகவும் இருந்த அந்த அமைப்பிலேயே அதன் அழிவு அடங்கியிருந்தது. 1635இல் வகுக்கப்பட்ட விதிப்படி டைம்யோக்கள் ஓராண்டுவிட்டு ஓராண்டு தம் பரிவாரத்தோடு ஷோகனின் தலைநகரான எடோவில் தங்க வேண்டும். மனைவி மக்கள் அங்கேயே பிணையாக இருப்பார்கள். இந்தப் பயணச் செலவையும் இரட்டை அரண்மனைச் செலவையும் ஈடுகட்ட, அவர்கள் வரவிருக்கும் விளைச்சலையே அடகு வைத்து ஒசாகா நகர வணிகர்களிடம் கடன் வாங்கினர். 1830களில் சத்சுமா நாட்டின் கடன் ஐம்பது லட்சம் ‘ரியோ’ பொன்னை எட்டியபோது, அதன் நிதிப் பொறுப்பாளர் வட்டியை நீக்கி, முதலை 250 ஆண்டுகளில் அடைப்பதாக அறிவித்தார். கடன் கொடுத்தவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. வணிகன் எத்தனை செல்வனாக இருந்தாலும் அவன் அதே ஷோகனின் குடிமகன், அவனிடம் படையில்லை. இவ்வாறு மீண்ட சத்சுமாதான் பின்னாளில் ஷோகன் ஆட்சியை வீழ்த்திய இரு பெரும் நாடுகளுள் ஒன்றாயிற்று என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் கடன் இதற்கு நேர் எதிரானது. அரியணைப் போட்டியில் தமக்குத் துணைநின்ற ஆங்கிலக் கம்பெனியின் படைச் செலவு முழுவதும் அவர் தலையில் ஏற்றப்பட்டது. அதைத் தீர்க்க அவர் கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடும் வட்டிக்குக் கடன் வாங்கினார். அதற்கு ஈடாக மாவட்டங்களின் வரி வருவாயை எழுதிக்கொடுத்தார். பால் பென்பீல்டு போன்ற கீழ்நிலை ஊழியர்கள் இவ்வகையில் பெருஞ்செல்வர்களாயினர். கடன் கொடுத்தவனிடம் இங்கே படையும் இருந்தது. லண்டன் பாராளுமன்றத்தில் அவனுக்காகப் பேச ஆட்களும் இருந்தனர். 1763இல் காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த நாடு கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வருவாயை அனுபவிக்கும் உரிமையோடு, விடப்பட்டது. 1765இல் முகலாயப் பேரரசர் அதை உறுதிசெய்தார். அதே நிலத்தைக் கம்பெனியிடமே குத்தகைக்கு எடுத்து 1780 வரை நவாப் வரி தண்டிவந்தார். தம் சொந்த நாட்டில் குத்தகைதாரராக நின்ற அந்த அரசரின் நிலைக்கு ஜப்பானில் ஒப்புமை இல்லை.

ஜப்பானின் தனிமை என்று சொல்லப்படுவதன் உண்மையான பயன் இங்குதான் விளங்குகிறது. 1633 முதல் 1639 வரை பிறப்பிக்கப்பட்ட ஆணைகள் நாட்டை முற்றாக மூடிவிடவில்லை. நாகசாகி நகரின் தெஜிமா என்னும் செயற்கைத் தீவில் டச்சுக்காரர்களும், அந்நகரிலேயே சீன வணிகர்களும் ஷோகனின் கண்காணிப்பில் வணிகம் செய்தனர். பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக் கம்பெனி சோழமண்டலக் கரைத் துணிகளை அங்கே கொண்டு சேர்த்தது. இன்றும் ஜப்பானியத் துணி வழக்கில் ஒருவகைக் கோடிட்ட பருத்தித் துணிக்கு ‘சந்தோமே’ என்று பெயர். அது மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமின் பெயரே. ஆகவே தொண்டை நாட்டுத் தறியின் பாவு அந்த மூடிய கதவின் வழியாகவும் சென்றது. செல்லாதது வெளிநாட்டான் கொடுக்கும் கடன். தமிழ்க் கடற்கரையிலோ சாந்தோம், பழவேற்காடு, தரங்கம்பாடி, சென்னை, புதுச்சேரி என்று கதவுகள் பல இருந்தன. அவற்றுள் எதன் சாவியும் ஆர்க்காட்டு அரண்மனையில் இல்லை.

கடனின் விலையை ஊர்கள் எவ்வாறு செலுத்தின என்பதற்கு ஜாகீரின் பதிவுகளே சான்று. 1767க்கும் 1774க்கும் இடையே தாமஸ் பர்னார்டு நடத்திய அளவை சுமார் 2,000 ஊர்களின் கணக்கைப் பதிந்தது. விளைந்த நெல்லில் கோயில், காவற்காரர், கணக்கர், தச்சர், கொல்லர், வெட்டியான் ஆகியோருக்கு உரிய பங்குகள் அரசின் வாரத்துக்கு முன்பே ஒதுக்கப்பட்டதை அது காட்டுகிறது. இப்பங்குகளுக்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். இன்று விடுதலையைக் குறிக்கும் சொல் அன்று களத்துமேட்டில் நெல்லாக அளக்கப்பட்ட உரிமையைக் குறித்தது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படையை மைசூரின் ஹைதர் அலியும் திப்புவும் அழித்ததையொட்டிய போர் ஆண்டுகளில் இந்நாடு பாழாயிற்று. பின்னர் 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், வரதராசப் பெருமாள் கோயில் விழாக்களில் காட்டிய ஈடுபாட்டுக்காக இன்றும் நினைக்கப்படுகிறார். வரியை உயர்த்தியதை எதிர்த்து நின்ற மிராசுதாரர்களின் உரிமைகளைப் பிறருக்கு மாற்றியவரும் அவரே.

தென்பாளையங்களின் போரையும் கடன் கணக்கு என்று சொல்வது பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனின் வீரத்தைக் குறைப்பதாகும் என்ற மறுப்பு எழலாம். வீரத்தில் ஐயமில்லை, போரின் வேர் எங்கிருந்தது என்பதே கேள்வி. 1792இல் நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பாளையக்காரர்களின் திறையைத் தண்டும் உரிமை கம்பெனிக்குச் சென்றது. தண்டிய தொகை நவாப் கம்பெனிக்குச் செலுத்த வேண்டியதில் வரவு வைக்கப்பட்டது. அதாவது 1798இல் கலெக்டர் ஜாக்சன் துரை இராமநாதபுரத்தில் கேட்ட திறை பாக்கி, கட்டபொம்மன் பட்ட கடன் அன்று. ஆர்க்காட்டார் பட்ட கடனின் ஒரு கிளை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவரும், 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். அவ்விரண்டுக்கும் இடையே, 1801 ஜூலை 31 அன்று, நவாபின் நாடான கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது.

ஜப்பானின் மாற்றமும் நோவில்லாதது அன்று. 1859இல் யோகோஹாமா துறைமுகம் திறக்கப்பட்டதும் கச்சாப்பட்டு வெளிநாட்டுக்குப் பாய்ந்தது. ஐரோப்பாவில் பட்டுப்புழு நோய் பரவியிருந்ததால் எந்த விலைக்கும் வாங்க ஆளிருந்தது. கியோத்தோவின் நிஷிஜின் நெசவாளர்கள் நூலின்றித் தறியை நிறுத்தினர். கச்சாப்பட்டு உள்ளிட்ட ஐந்து பொருள்கள் எடோ மொத்த வணிகர் வழியாகவே செல்ல வேண்டும் என்ற 1860ஆம் ஆண்டு ஆணையை எவரும் பொருட்படுத்தவில்லை. வெளியூரிலிருந்து வரும் பட்டின் விலை ஏறினால் பாவு போட வழியில்லாமல் போவதன் பொருள் என்ன என்பதைப் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஷோகன் ஆட்சியின் வலுவின்மை அரண்மனையில் தெரிவதற்கு முன்பே நூல் விலையில் தெரிந்துவிட்டது. ஆனால் ஷோகனுக்குப் பின் வந்த புதிய மெய்ஜி அரசு உள்நாட்டாருடையது. கியோத்தோ நிர்வாகம் 1872இல் நிஷிஜின் நெசவாளர் மூவரைப் பிரான்சின் லியோன் நகருக்கு அனுப்பி ஜக்கார்டு தறியைக் கொண்டுவரச் செய்தது. சென்னை மாகாணத்திலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மொத்தர்பா என்ற பெயரில் தறிக்கே வரி தண்டப்பட்டது.

1871இல் குறுநாடுகள் கலைக்கப்பட்டபோது டைம்யோக்களின் கடன்களை மெய்ஜி அரசு ஏற்றது. 1843இலும் அதற்கு முன்பும் பட்டவற்றை அடியோடு தள்ளியது, 1844 முதல் 1867 வரை பட்டவற்றை வட்டியின்றி 50 ஆண்டுகளில் அடைப்பதாக்கியது. இழப்பு ஒசாகா வணிகர்மீது விழுந்தது. 1876இல் படியை இழந்த சாமுராய்கள்மீதும், விளைந்தாலும் பொய்த்தாலும் நிலமதிப்பில் நூற்றுக்கு மூன்று ரொக்கமாகக் கட்ட வேண்டியிருந்த உழவர்கள்மீதும் விழுந்தது. நவாபின் கடன்களையோ 1784இல் லண்டன் ஆட்சியாளர்கள் முறையான விசாரணையின்றியே ஏற்றனர். மறு ஆண்டு எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் அதைக் கண்டித்தும் முடிவு மாறவில்லை. எஞ்சியவற்றை ஆராய 1805இல் அமைந்த குழு, வந்த கோரிக்கைகளில் பெரும்பகுதியைப் போலியென்று தள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. உண்மையென்று ஏற்கப்பட்டவற்றுக்கான பணம் கர்நாடகத்து ஊர்களின் வரியிலிருந்தே சென்றது.